பாலயேசுவின் தலை

தலை அன்புராசாவின் கையில் இருந்தது. உடம்பு லைலாக் செடிக்கடியில் நின்றது.

அவன் தலையைப் பார்த்தான். தலை அவனைப் பார்த்தது. தலையில் கிரீடம் இருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது. கழுத்துக்குக் கீழேதான் ஒன்றும் இல்லை.

"முருகா!" என்றான்.

அப்படிச் சொன்னதில் பெரிய பிழை இல்லை. மோர்னிங்சைட்டில் அயர்லாந்துக்காரி றீற்றாவின் வீட்டு பேஸ்மென்ருக்கு அவன் குடிவந்து ஏழு மாதம். கடிதம் எடுக்க மேலே போகும்போதெல்லாம் நடைச்சுவரில் ஒரு தட்டின்மேல் நிற்கும் இந்தப் பாலயேசுவைக் கடந்துதான் போகவேண்டும். கிரீடம், பட்டுச் சட்டை, கையில் ஒரு உருண்டை, பால் மணம் மாறாத முகம். 'இது இவையின்ர பாலமுருகன்' என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்ட அன்புராசா, போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் கன்னத்தில் போட்டுக்கொள்வான். தூசு தட்டக்கூட றீற்றா வேறு ஒருவரையும் கிட்ட விடமாட்டாள்.

அந்தப் பாலயேசு இன்று பிற்பகல், அவன் வேலை முடிந்து வந்த நேரம், பின்வளவில் லைலாக் செடிக்கடியில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துச் சேற்றில் நின்றார். மறுநாள் றீற்றாவின் மகள் செலீனுக்குக் கலியாணம். வந்த சனத்தின் பிள்ளைகள் யாரோ விளையாட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருக்கவேண்டும் என்று நினைத்தான். சாமியைச் சேற்றில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. தலையில் பிடித்துத் தூக்கினான். தலை மட்டும் வந்தது.

வருகிற வியாழக்கிழமை அன்புராசாவின் மனைவி நிலாணியும் மூன்று வயது மகள் அட்சயாவும் கொழும்பிலிருந்து வந்து இறங்குகிறார்கள். மகளை அவன் படத்தில்தான் கண்டிருக்கிறான். ஒரு ஆளுக்கென்று கொடுத்த பேஸ்மென்ரில் மூன்று பேர் இருக்க றீற்றாவிடம் சம்மதம் வாங்க ஒரு மாதம் பிடித்தது. போன ஞாயிறுதான், "சரி, வரட்டும்" என்றாள்.

றீற்றாவுக்கு இரண்டு மகன்கள், டெக்லனும் மைக்கலும். இருவரும் கூரை வேலை. கதவுக்குள் நேராக நுழைய முடியாது, பக்கவாட்டாகத்தான் வருவார்கள். முன்பு பேஸ்மென்ரில் இருந்தவன் றீற்றாவை ஏதோ மரியாதையில்லாமல் பேசினானாம். மைக்கல் அவனைக் கட்டிலோடு தூக்கிப் பனிக்குள் வைத்துவிட்டு வந்தானாம். அவன் அப்போது கட்டிலில் படுத்திருந்தானாம்.

அன்புராசா உடம்பையும் தலையையும் ஜாக்கெட்டுக்குள் சுற்றிக்கொண்டு பக்கக் கதவால் கீழே ஓடினான். ஓடிய வேகத்திலேயே ஊர்க்காரர் அருள்நாயகம் அண்ணைக்கு ஃபோன் எடுத்தான்.

"அண்ணை, தலை கழண்டு போச்சு."

"ஆற்ற தலையடா?"

"யேசுவின்ர."

"வேலைக்கால வந்து சாப்பிட்டனியோ?"

அன்புராசா நடந்ததைச் சொன்னான். அருள்நாயகம் சூள் கொட்டினார்.

"பின்னப்பட்ட விக்கிரகமடா. வீட்டில ஒரு நிமிசம் வச்சிருக்கக் கூடாது. குடும்பத்துக்கே ஆகாது. கொண்டுபோய் ஆத்தில விடு."

"அண்ணை, அது என்ர விக்கிரகமில்லை. றீற்றா அன்ரி கேட்டால் ஆத்தில விட்டனான் எண்டோ சொல்லுறது?"

"அப்ப ஒட்டுவம். பதறாதை, வாறன்."

மில்லிக்கனில் கதிரை செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்யும் அருள்நாயகம் அரைமணித்தியாலத்தில் ஒரு பேணியோடு வந்தார்.

"கதிரைக்கால் ஒட்டுற கம். பிறகு யானை ஏறி இருந்தாலும் அசையாது."

கழுத்தின் வெட்டு வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உள்ளுக்கெல்லாம் ஊத்தை பிடிச்சுக் கிடக்கு. எங்கத்தைய சாமானடா இது?"

"உது எங்களுக்கு என்னத்துக்கு? கெதியா ஒட்டுங்கோ."

அருள்நாயகம் பசையைப் பூசினார். அன்புராசா முதுகுப் பக்கம் பிடித்துக்கொண்டான். தலையை இறக்கிய அதே கணத்தில் மேலே டெக்லன் படியால் இறங்கினான். வீடு குலுங்கியது. அருள்நாயகமும் குலுங்கினார்.

தலை உட்கார்ந்துவிட்டது. இடது தோளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டது.

"திருப்புங்கோ, திருப்புங்கோ!"

"திரும்புதில்லையடா."

"பஸ் வருகுதோ எண்டு பாக்கிற மாதிரியெல்லோ நிக்கிறார்!"

"அப்பிடியும் ஒரு அழகுதான்" என்றார் அருள்நாயகம். ஆனால் அவர் முகத்திலும் வேர்த்திருந்தது. "சரி, கீழ வை. காயட்டும்."

அன்புராசா கீழே வைக்கப் பார்த்தான். பாலயேசு வரவில்லை. வழிந்த பசை அவனுடைய வலது உள்ளங்கையையும் பட்டுச் சட்டையின் முதுகையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

"அன்பு!" படியில் றீற்றாவின் குரல். "கீழ நிக்கிறியோ? மேல வந்து கதிரை தூக்கு."

றீற்றா பேசும் ஆங்கிலத்தில் பாதிதான் அவனுக்கு விளங்கும். விளங்குகிற பாதியும் பெரும்பாலும் ஏச்சு. இன்று முழுதும் விளங்கியது, ஏனென்றால் அவள் பேசிக்கொண்டே இறங்கி வந்தாள். அருள்நாயகம் கிடந்த குளியல் துவாயை எடுத்து அன்புராசாவின் கைமேல் எறிந்தார்.

றீற்றா கடைசிப் படியில் நின்று ஒன்றரை அடி உயரத் துவாயைப் பார்த்தாள்.

"உது என்ன?"

"கை" என்றான் அன்புராசா.

"கைக்கு என்ன நடந்தது?"

"வீங்கிப் போச்சு" என்றார் அருள்நாயகம்.

"யேசுவே! பதினெட்டு வருசமா ஆஸ்பத்திரியில நிலம் துடைக்கிறன், இப்பிடியொரு கையைக் கண்டதில்லை. எடு துவாயை, பாப்பம்."

"வேண்டாம் அன்ரி! மருந்து போட்டிருக்கு. காத்துப் படக்கூடாது."

"விசர்க்கதை கதையாதை. டெக்லன் காரில ஏத்திக்கொண்டு போவான். டெக்லன்!"

அவள் துவாயின் ஒரு முனையைப் பிடித்துவிட்டாள். அன்புராசாவின் உயிர் அந்த முனையில் தொங்கியது. அப்போது பின்வளவில் செலீன் அலறினாள்.

"அம்மா! பாலயேசுவைக் காணேல்லை!"

றீற்றா துவாயை விட்டாள். அந்தப் பருத்த உடம்பு அவ்வளவு வேகமாகப் படியேறும் என்று அன்புராசா நினைத்ததில்லை.

பேஸ்மென்ர் சன்னலால் பார்த்தால் வளவில் நிற்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். கால்கள் அங்குமிங்கும் ஓடின. குரல்கள் நன்றாகவே கேட்டன.

"இதிலதானே வச்சனான்! மத்தியானம் என்ர கையால வச்சனான்!" இது றீற்றா. "கலியாணத்துக்கு முதல்நாள் அவரை வெளியில விட்டால்தானே விடிய வெயில் எறிக்கும். எங்கட குடும்பத்தில ஒரு கலியாணத்துக்கும் மழை பெய்யேல்லையே!"

அன்புராசாவுக்கு அப்போதுதான் விளங்கியது. சாமியை யாரும் எறியவில்லை. வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள்.

"மாப்பிள்ளையின்ர தம்பிமார்தான்" என்றது டெக்லனின் சப்பாத்து. "காலமை வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டவங்கள். பகிடி விட்டிருக்கிறாங்கள்."

"ஆளுக்கு ரெண்டு பல்லு கழட்டினால் பகிடி நிக்கும்" என்றது மைக்கலின் சப்பாத்து. "கார்த் திறப்பை எடு."

"நீங்கள் அங்க போய் அடிபட்டால் நாளைக்கு ஆர் என்னைக் கட்டுறது?" செலீன் விம்மினாள்.

சன்னல் கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. வளவில் ஓடிய கால்கள் எல்லாம் நின்றன. பிறகு றீற்றா, பெரிய ஆள் அழுவதுபோல் இல்லாமல், சின்னப்பிள்ளை அழுவதுபோல் அழுதாள்.

"அண்ணை, கையைக் கழட்டுங்கோ!"

அருள்நாயகம் வாளியில் சுடுதண்ணீர் பிடித்து, கையையும் பாலயேசுவையும் சேர்த்து அமுக்கினார். தோல் கொஞ்சம் போய்க் கை வந்தது. தண்ணீர் முதலில் சிவந்தது, பிறகு நீலமானது. வெளியே எடுத்தால் பாலயேசுவுக்குக் கண் இல்லை, புருவம் இல்லை, வாயும் இல்லை. முட்டையைப்போல் வெறும் முகம். கழுத்து மட்டும் அசையவே இல்லை.

"பேந்தென்ன?" என்றார் அருள்நாயகம். சட்டைப் பையிலிருந்து கறுப்பு மார்க்கரும் சிவப்புப் பேனையும் எடுத்தார். "ஊரில திருவிழாவுக்குச் சப்பறம் கீறினவன் நான்."

கீறினார். அன்புராசா பார்த்தான்.

"அண்ணை, மீசை ஏன்?"

"மீசையில்லையடா. மூக்கின்ர நிழல்."

"கண் காது மட்டும் போகுது."

"கடாட்சம்" என்றார் அருள்நாயகம். வேலும் மயிலும் இல்லாத குறைதான், மற்றப்படி பாலயேசு எந்தக் கோயிலுக்குள்ளும் தாராளமாகப் போகலாம்.

முன்பக்கம் கார் உறுமியது.

"தம்பி, எனக்குப் பின்னேர வேலை" என்று சொன்ன அருள்நாயகம், பேணியைக்கூட எடுக்காமல் பக்கக் கதவால் மறைந்தார்.

அன்புராசா தனியே நின்றான். படுக்கையடியில் ஒளித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் கார் புறப்பட்டுவிட்டால் இரண்டு பேருடைய பல் போகும், ஒரு பெண்ணுடைய கலியாணம் போகும். பாலயேசு அகன்ற கண்ணால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்புராசா அவரைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினான்.

லைலாக் செடிவரை குனிந்தே போனான். சேற்றில் வைத்தான். நேராக நிறுத்தினான். தலை நேராக இல்லாததால் உடம்பைக் கொஞ்சம் திருப்பி வைத்தான். நிமிர்ந்தான்.

முன்னால் இரண்டு சோடிச் சப்பாத்து; அவன் ஓடியதைக் கண்டு காரை விட்டு இறங்கி வந்திருக்கவேண்டும். இந்த முறை மேல்பகுதியும் தெரிந்தது.

ஒருவரும் அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மைக்கல் பாலயேசுவைத் தூக்கினான். டெக்லன் அன்புராசாவைத் தூக்கினான். இருவரையும் உள்ளே கொண்டுபோய், ஒருவரை மேசையிலும் ஒருவரைக் கதிரையிலும் வைத்தார்கள். மூலையில் றீற்றாவின் தமையன் கிறிஸ்டி தேத்தண்ணியோடு இருந்தார். தகப்பன் இல்லாத செலீனைக் கோயிலுக்குள் கைபிடித்துக் கூட்டிப்போக அயர்லாந்திலிருந்து வந்தவர். வந்து மூன்று நாளாக ஒரு சொல் பேசவில்லை.

றீற்றா முகத்தைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். விரலால் கழுத்தைத் தடவிப் பார்த்தபோதுதான் அவள் முகம் மாறியது.

"அன்பு, இந்தக் கழுத்தை என்ன செய்தனி?"

அன்புராசாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "நான்தான் அன்ரி தலையை உடைச்சனான். வேணுமெண்டு இல்லை. சாமி சேத்துக்க நிக்குதெண்டு தூக்கினனான், தலை கையோட வந்திட்டுது. நான்தான் ஒட்டினனான். மாப்பிள்ளை வீட்டாரிலே ஒரு பிழையும் இல்லை. என்னை என்னவும் செய்யுங்கோ. ஆனால் வியாழக்கிழமை மனிசியும் மூண்டு வயசுப் பிள்ளையும் வருகினம், அவையைத் தெருவில விட்டிடாதேங்கோ."

றீற்றா பாலயேசுவை மைக்கலிடம் நீட்டினாள். மைக்கல் உடம்பை ஒரு கையால் பிடித்து, மற்றக் கையால் தலையை முறுக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. பாலயேசுவின் கழுத்தில் அல்ல, மைக்கலின் கழுத்தில். அன்புராசா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அடுத்தது எதுவென்று செய்து காட்டுகிறார்கள் போலிருக்கிறது.

"அசையுதில்லை அம்மா."

டெக்லன் முறுக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். "கல்லு மாதிரி இருக்கு."

"என்னத்தால ஒட்டினனி?" என்று கேட்டாள் றீற்றா.

வேலை திருத்தமென்றாவது தெரியட்டும் என்று அன்புராசா உண்மையைச் சொன்னான். "கதிரை ஒட்டுற கம், அன்ரி. யானை ஏறி இருந்தாலும் அசையாது."

றீற்றா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். செலீன் சன்னலால் மழையைப் பார்த்து விம்மினாள். அன்புராசா மனதுக்குள் சூட்கேஸை அடுக்கத் தொடங்கினான்.

கிறிஸ்டி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அசையாத கழுத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு அன்புராசாவின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, அந்தத் தலை நாப்பத்தொரு வருசத்துக்கு முதல் என்ர கலியாணத்தண்டு தானா விழுந்தது, விழுந்த தலையைச் சும்மா மேல வச்சிருந்தபடியாலதான் எங்கட வீட்டுக் கலியாணம் எல்லாத்துக்கும் வெயில் எறிச்சது, இனி நாங்கள் வேணுமெண்டு உடைச்சால் பலிக்காது, தற்செயலா விழவேணும் — உந்த மூண்டு வயசுப் பிள்ளையை வியாழக்கிழமைக்கு முதல் கூப்பிடேலாதோ?"