தொரை வீட்டு இருபது நிமிஷம்

மலாயா முழுக்க மாறிய நேரத்தை, மாற மாட்டேன் என்று சொல்லி ஜெயித்த ஒரே ஆள் எங்கள் பீரங்கி ஆயாதான்.

அப்போது நான் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் சின்னக் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகை அவளுடைய ராஜ்யம். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அவள் தும்மினால் லயத்துக் கோழிகள் கூரை ஏறும். அதே குரலில் தாலாட்டுப் பாடினால் குழந்தைகள் சட்டென்று தூங்கிவிடும். பயத்தில்தான் தூங்கின என்பது என் அபிப்பிராயம்.

அந்த வருஷம் சர்க்கார் கடிகாரத்தை இருபது நிமிஷம் முன்னே தள்ளியது. வெளிச்சம் மிச்சமாகுமாம். விடிவதற்கு முன் ஆள் எண்ணும் பெரட்டில் நான்தான் அதை அறிவித்தேன்.

“மிச்சம் புடிச்ச வெளிச்சத்த யாரு வெச்சுக்குவா கிராணியாரே?” என்றாள் ஆயா.

“தொரைமாருங்க சாயந்தரம் டென்னிஸ் ஆடுவாங்க.”

“அவங்க பந்தடிக்க எம்புள்ளைங்க இருட்டுல எந்திரிக்கணுமா? எங்கொட்டகை பழைய மணிக்குத்தான் தொறக்கும். போங்க லா!”

சொன்னதைச் செய்தாள். பெரட்டு மணி புது நேரத்துக்கு அடித்தது. கொட்டகை பழைய நேரத்துக்குத் திறந்தது. நடுவில் தாய்மார்கள் குழந்தையும் கையுமாகக் கொசுக்கடியில் தவித்தார்கள். செல்லம்மா பாடுதான் படுமோசம். புருஷனைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள், மடியில் பச்சைக் குழந்தை. தாமதமாக வந்ததால் மூன்று நாள் பெரட்டில் அவளுக்குப் பேர் விழவில்லை. பேர் விழாவிட்டால் கூலி கிடையாது. இன்னொரு தடவை தாமதித்தால் வேலையே போய்விடும் என்று பெரிய கிராணி கத்தினார். அவள் கொட்டகை வாசலில் உட்கார்ந்து அழுததை ஆயா பார்த்தாள். இனி சீக்கிரம் திறப்பாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

மறுநாள் பெரட்டுக்குச் செல்லம்மா உட்பட எல்லாப் பெண்களும் நேரத்துக்கு வந்து நின்றார்கள். ஒருத்தி கையிலும் குழந்தை இல்லை. கொட்டகையோ பூட்டிக் கிடந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதற்குள் எங்கள் தோட்டத்துத் தொரையின் பங்களாச் சமையல்காரர் தலைதெறிக்க ஓடிவந்தார். “அலமாக்! கிராணி, பங்களா பூரா புள்ளைங்க!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். தொரையின் சாய்வு நாற்காலியில் இரண்டு குழந்தைகள், சுருட்டிக் கிடந்த டென்னிஸ் வலைமேல் மூன்று. மேஜைமேல் கிடந்த தொப்பிக்குள்ளும் ஒன்று, தொப்பியை நனைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியது. தூக்க உடையில் நின்ற தொரையின் கையில் செல்லம்மாவின் குழந்தை வீறிட்டது.

“ஆயா! என்னா இது?” தோட்டத் தமிழ் அவருக்கு வரும், அன்றைக்கு அதுவும் தடுமாறியது.

படியில் நின்ற ஆயா அசரவில்லை. “எங்கொட்டகை தொறக்க இன்னும் நேரமிருக்கு தொரை. நடுவுல இருக்கிற இருபது நிமிஷம் சர்க்காரோடது. அத நீங்க பாத்துக்குங்க. எம்மணி வந்ததும் வந்து எடுத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்! அதிர்ச்சியில் நானும் தொரையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்புறம் எனக்கும் ஒரு குழந்தை கொடுக்கப்பட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான இருபது நிமிஷத்தை நான் கண்டதில்லை.

அடுத்த நாளே பெரட்டு மணி பழைய நேரத்துக்குத் திரும்பியது. ரெங்கம் ஸ்டேஷன் சர்க்கார் மணியில் ஓட, எங்கள் தோட்டம் மட்டும் ஆயா மணியில் நடந்தது. செல்லம்மாவுக்கு அதன்பின் ஒருநாளும் பேர் தவறவில்லை.

சில வருஷம் கழித்து ஆயா சிங்கப்பூரிலிருந்த தங்கையோடு இருக்கப் புறப்பட்டாள். வழியனுப்பப் பெண்கள் எல்லோரும் குழந்தைகளோடு மாட்டுவண்டிகளில் வந்தார்கள். நாங்கள் ஸ்டேஷனை அடைந்தபோது ரயில் போய் இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

பீரங்கி வெடித்தது. “ஏண்டி, ரயிலு சர்க்கார் மணிக்குத்தான் போகும்னு ஒருத்திக்குமா தெரியாது?”

“தெரியும் ஆயா,” என்றாள் செல்லம்மா.

ஆயா கிட்டே இருந்த ஒரு குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். இன்னும் ஒருநாள் அவள் எங்களுக்குக் கிடைத்தாள்.