புலி பாத்திரம் தேய்க்காது

இனி பாத்திரம் தேய்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணமான நாள் முதல் ராத்திரிப் பாத்திரம் என் இலாகா. அந்த இலாகாவை ராஜினாமா செய்யும் தைரியத்தை எனக்குக் கொடுத்தது தபால்தலை.

தபால்தலை சேர்ப்பது என் ஒரே கெட்ட பழக்கம். அதிலும் புலி மட்டும்தான். சீனர்கள் ஒவ்வொரு வருஷத்தையும் ஒரு மிருகத்தின் பெயரில் எழுதிவைத்திருக்கிறார்கள். எலி, மாடு, புலி என்று மொத்தம் பன்னிரண்டு. புலியின் முறை வந்தால் பல நாடுகள் புலி போட்ட தபால்தலை வெளியிடும்; நாங்கள் பிழைக்க வந்த நாடும் அதில் ஒன்று. நான் பிறந்தது புலி வருஷம். என் ஆல்பத்தில் பாயும் புலி, படுத்த புலி, பல்லைக் காட்டும் புலி எல்லாம் உண்டு. தேய்க்கிற நார் பிடித்த புலியை எந்த நாடும் அச்சடித்ததில்லை. இதை மனைவியிடம் எடுத்துச் சொன்னேன்.

"புலி பாத்திரம் தேய்க்காது."

"நானும் அதே வருஷம்தானே பொறந்தேன்? அப்ப நானும் புலிதான்."

என்னை மடக்கிவிட்டதாக நினைப்பு அவளுக்கு. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது.

"நான் ஜனவரி, நீ மார்ச். மூத்த புலி சொல்றதுதான் சட்டம். இளைய புலிதான் தேய்க்கணும்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"புலி பேச்சு மாறாது."

"சரிங்க."

அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்றால் எனக்குச் சந்தேகம் வரும். அன்று ஏனோ வரவில்லை. சில நாள் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் மேல் எனக்கே மரியாதை வந்தது.

இந்த வருஷம் மறுபடியும் புலியின் முறை. புது வருஷம் பிறந்ததும் தபால்தலை வாங்கிவர அவளையே அனுப்பினேன். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு எதிரில்தான் தபால் நிலையம். சாயங்காலம் ஒரு கவரை நீட்டினாள். பிரித்தேன். உள்ளே மாடு.

"என்னடி இது? புலி எங்கே?"

"இன்னும் வரலையாம். நம்ம காலண்டர் மாறினா அவங்க வருஷம் மாறிடாதாம். பிப்ரவரியிலதான் புலி பொறக்குமாம். அதுவரைக்கும் பழைய மாடுதானாம். கவுண்டர்ல இருக்கிற அம்மா சொன்னாங்க."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"நீங்க பொறந்த வருஷத்தையும் பார்க்கச் சொன்னேன். அப்பவும் பிப்ரவரிதானாம். நீங்க ஜனவரி நாலு."

"அதனால?"

"நீங்க மாடு. நான் மட்டும்தான் புலி."

மாட்டைக் கவருக்குள் திருப்பித் தள்ளினேன். ஆனாலும் விடுவேனா?

"ஜனவரிங்கிறது பள்ளிக்கூடத்துல சேர்க்க அப்பா கொடுத்த தேதி. நெஜமா நான் பொறந்தது மே மாசம். அசல் புலி!"

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்." குரல்கூட உயரவில்லை. "மே மாசம்னா நீ என்னைவிட ரெண்டு மாசம் சின்னவன். மூத்த புலி நான்தான். எழுந்திரு, போய்த் தேய்டா தம்பி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வாயிலிருந்து எனக்கு ஒரு 'நீ' கூட இதற்குமுன் வந்ததில்லை.

"இல்ல, இல்ல. ஜனவரியேதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா மாடுதான்!"

சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தேன். மாட்டைத்தான் அவள் இன்னும் 'வாங்க, போங்க' என்று கூப்பிடுகிறாள்.