மூடியில் படம் வந்தால் மூட்டை கட்டு

மூன்றாவது ஆளும் விழுந்த அன்றுதான் ஹிசாயோவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. ஆமைகள் அணியின் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது தன் சமையல்தானோ?

ஹியோரி பேஸ்பால் மைதானத்தின் வாசலில் அவளுடைய சாப்பாட்டுக் கடை. மாதத்துக்கு ஒரு ஆட்டக்காரர் பெயரில் டப்பாச் சாப்பாடு போடுவாள். அவருக்குப் பிடித்தது உள்ளே, அவர் படம் மூடியின் மேலே. சாப்பாடு அவளுடையது, படம் மட்டும் அணி அலுவலகத்திலிருந்து அச்சாகி வரும்.

ஏப்ரலில் பந்து பிடிக்கும் கேட்சர் நெசு, பன்றிக் கட்லெட். டப்பாவை இடது கைமேல் வைத்து, கைக்குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தியிருந்தார். விற்பனை தொடங்கிய வாரமே ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்: இடது கை விரல் முறிவு, இந்த வருஷம் நெசு கிடையாது.

எண்ணெய்ப் பலகாரம் ஆகவில்லை போலிருக்கிறது என்று மே மாதம் விலாங்கு மீனுக்கு மாறினாள். பந்து வீசும் பிட்சர் குரோசே டப்பாவை முழங்கையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு சிரித்தார். மூடியில் மை காய்வதற்குள் முழங்கையில் அறுவை சிகிச்சை.

"அண்ணி, இது கண் திருஷ்டி" என்றாள் கடையில் கூட வேலை பார்க்கும் நாத்தனார் மசுயோ. "வாசல்ல உப்புக் குவிச்சு வெச்சா சரியாயிடும்."

குவித்தார்கள். ஜூனில் அன்சாய், டப்பாவை முழங்கால்மேல் வைத்துச் சம்மணம் போடாமல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்கால் போயிற்று. போதாக்குறைக்கு ரசிகர் கூட்டத்தில் மேளம் அடிக்கும் இவாகி, வாசல் உப்பில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார்.

"ஆட்டக்காரங்க பத்தலன்னு மேளக்காரனையும் ஆரம்பிச்சிட்டியா?" என்று தரையில் கிடந்தபடியே கத்தினார் இவாகி.

மறுநாள் முதல் ரசிகர்கள் கடையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் தன் மகளின் கண்ணைப் பொத்தி அழைத்துப் போனதை ஹிசாயோவே பார்த்தாள். அடுப்படியில் மூன்று மூடிகளையும் வரிசையாக வைத்து வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"எல்லாரும் என் டப்பாவ எவ்வளவு ஆசையா புடிச்சிருக்காங்க பாரு மசுயோ. இவங்களப் போயி நான்..." என்று மூடிகளைக் கவிழ்த்து வைத்தாள்.

அணி அலுவலகத்து உசுயிக்குப் போன் போட்டாள். "சார், தெரியாமத்தான் கேக்கறேன். டப்பாவுக்கு ஆள எப்படிப் பொறுக்கறீங்க?"

"என்ன பெரிய பொறுக்கல்! படம் எடுக்க அரை நாள் ஆவுது. யாருக்கு நேரம் இருக்கோ அவங்கள உக்கார வெப்போம். ஜூலைக்கு மினேகிஷி."

ஹிசாயோவின் கையிலிருந்த கரண்டி மிசோ சூப் பானைக்குள் விழுந்தது. அணியில் பந்தை ஒழுங்காக அடிப்பதற்கு மிச்சம் இருந்தது மினேகிஷி ஒருவன்தான். அவன் அடித்து அடித்தே ஆமைகள் மூன்றாம் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவனும் போனால் அக்டோபர் இறுதிச் சுற்று ஆட்டங்களை மறந்துவிட வேண்டியதுதான். கடை போனால் போகட்டும், மினேகிஷி போகக்கூடாது என்று முடிவு செய்தாள்.

அவனுக்குப் பிடித்த கானாங்கெளுத்திக் குழம்பையே வைத்தாள். இஞ்சியை இரண்டு மடங்காக்கி, கடுகு விழுதை அள்ளிப் போட்டு, அவனே வேண்டாமென்று சொல்லட்டும் என்று வாயில் வைக்க முடியாதபடி செய்து மாதிரிக்கு அனுப்பினாள். சாயங்காலமே உசுயி கூப்பிட்டார்.

"அக்கா, பையன் அழுதுட்டான்!"

"காரமா சார்?" என்றாள் ஆவலாக.

"அவங்க அம்மா கைப்பக்குவமாம்! நாளைக்குப் படம் எடுக்கறோம், இன்னொரு டப்பா குடுத்து விடுங்க."

"டப்பா என் கடைய விட்டு வெளிய போகாது. முடிஞ்சதப் பாத்துக்குங்க!"

"அதுக்கென்ன, நாங்களே வர்றோம்" என்று உசுயி வைத்துவிட்டார்.

மறுநாள் மினேகிஷி அவள் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டான். வெந்து போகிற வெயிலில் நீளக் கைச் சட்டை. சாப்பாட்டுக் குச்சியை இடது கையில் பிடித்து மீனைத் துரத்தித் துரத்திச் சாப்பிட்டான். ஒரு துண்டு மசுயோவின் செருப்பில் விழுந்தது. குழந்தை மாதிரிச் சாப்பிடுகிறானே என்று ஹிசாயோவுக்கு இன்னும் பாசம் பொங்கியது.

படம் எடுப்பவர் கேமராவைத் தூக்கியதும் குறுக்கே போய் நின்றாள்.

"எடுக்க விடமாட்டேன். தம்பி, என் டப்பாவத் தொட்டவன் ஒருத்தனும் திரும்பி மைதானத்துக்குப் போகல. ஊரே உன்னத்தான் நம்பியிருக்கு. எழுந்து ஓடிடு!"

மினேகிஷி தலையைக் குனிந்துகொண்டான். காது மடல் சிவந்துவிட்டது. "அக்கா, உங்க சாப்பாட்டு மேல ஒரு தப்பும் இல்ல" என்றான் மெதுவாக.

"அப்ப ஏன் எல்லாரும் விழறாங்க?"

அவன் உசுயியைப் பார்த்தான். உசுயி கூரையைப் பார்த்தார். ஹிசாயோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

படம் எடுப்பவருக்கு அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது.

"கொஞ்சம் தள்ளுங்கம்மா. மினேகிஷி தம்பி, டப்பாவ இன்னும் மேல தூக்கி வலது மணிக்கட்டோட சேத்துப் புடிங்க, கட்டு தெரியுது. மத்த மூணு பேரும் எவ்வளவு அழகா மறைச்சாங்க!"