எழுபது விழுக்காடு குழந்தைத்தன்மை

மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவில் முப்பத்து நான்கு குழந்தைகள், இரண்டு சன்னல்கள், ஒரு கரும்பலகை, ஒரு டீச்சர். இவற்றில் டீச்சர் மட்டும் தற்காலிகம். கரும்பலகையைக்கூட நான்கு ஆணி அடித்து நிரந்தரமாக்கிவிட்டார்கள். டீச்சர் ஆறு வருடமாகத் தற்காலிகமாகவே அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இந்த வருடம் அவரையும் நிரந்தரமாக்க மேலிடம் திருவுளம் கொண்டது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். படைப்பாற்றல் வாரத்தில் ஒவ்வொரு குழந்தையும் அட்டையில் ஒரு வீடு செய்ய வேண்டும். ஆய்வாளர் வந்து பார்த்து 'திருப்தி' என்று எழுத வேண்டும்.

போன வருடமும் வீடுதான் செய்தார்கள். ஒரு வீட்டில் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. இன்னொன்றில் லிஃப்ட் ஏறி இறங்கியது.

"இது எப்படிடா வேலை செய்யுது?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"அப்பா ஆபீசுக்குப் போயிருக்காரு சார். வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றான் அதைச் செய்தவன்.

அதன் பலனாக வந்ததுதான் இந்த வருடச் சுற்றறிக்கை. "மாணாக்கரின் படைப்புகளில் பெற்றோரின் கைவரிசை மிகுந்து காணப்படுவதால், இனி ஒவ்வொரு படைப்பிலும் குழந்தைத்தன்மை எழுபது விழுக்காட்டிற்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஒரு படைப்பு குறையினும் வகுப்பாசிரியரின் நிரந்தரம் ஓராண்டு ஒத்திவைக்கப்படும்." அளப்பதற்கு ஒரு படிவமும் இணைத்திருந்தார்கள். கோணல், பசை வழிதல், கோட்டைத் தாண்டிய வண்ணம், விரல் கறை. ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து மதிப்பெண்.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் இதைப் படித்துக் காட்டினார். முதலில் எழுந்தவர் ஒரு தச்சர்.

"டீச்சர், நான் இருபது வருஷமா நேரா அறுத்துப் பழகினவன். திடீர்னு கோணலா அறுன்னா கை வருமா?"

"நீங்க ஏங்க அறுக்கணும்? உங்க பொண்ணு செய்யட்டுமே."

அப்படி ஒரு வழி இருப்பது யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"அவ செஞ்சா எழுபது வருமா? வரலேன்னா நீங்க பொறுப்பா?"

டீச்சர் தன் ஆறு வருடத்தை நினைத்துக்கொண்டார். "உங்க சௌகரியம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மாலையே, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு மாடியில் பெற்றோருக்குக் குழந்தைத்தன்மைப் பயிற்சி தொடங்கினார். முதல் பாடம், இடது கையால் கத்தரித்தல். "எனக்குப் பழக்கமே இடது கைதான் சார், நான் என்ன பண்றது?" என்று ஒருவர் கேட்க, விஷயம் மேலிடம் வரை போனது. 'இடக்கையர் வலக்கையைப் பயன்படுத்தலாம்' என்று நான்காம் நாள் விளக்க ஆணை வந்தது. வீடுகளில் இரவும் பகலும் வேலை நடந்தது. குழந்தைகள் எட்டிப் பார்த்தால், "தள்ளிப் போய் விளையாடு! கஷ்டப்பட்டு வந்த கோணல், கெடுத்துடாதே" என்று துரத்தினார்கள். கடைசியில் விரல் கறை வைக்க மட்டும் கூப்பிட்டுக் கட்டைவிரலை வாங்கிக்கொண்டார்கள்.

சுண்டெலி என்று வகுப்பே கூப்பிடும் ஒரு சிறுமிக்கு மட்டும் இந்த வசதி இல்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மாலை வேலை. வீடு செய்து தர ஆளில்லை. அதனால் பள்ளி விட்ட பிறகு வகுப்பிலேயே உட்கார்ந்து, டீச்சர் கண்ணெதிரே, தானே செய்தாள். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, அளவுகோலை வைத்துக் கோடு போட்டாள். பதினொரு முறை அழித்துப் போட்டாள். வழிந்த பசையைப் பாவாடை நுனியால் ஒற்றி எடுத்தாள். ஆறு நாளில் வீடு எழும்பியது. வாசலில் சின்னதாக ஒரு படி.

"இது எதுக்கு?"

"அம்மா வந்து உக்காந்து செருப்பு கழட்ட."

டீச்சர் படிவத்தை எடுத்து அளந்தார். கோணல் ஆறு, பசை ஐந்து, வண்ணம் எட்டு, கறை மூன்று. ஆக மொத்தம் இருபத்திரண்டு. மறுபடி கூட்டினார். அப்போதும் இருபத்திரண்டுதான்.

"கண்ணு, கொஞ்சம் கோணலா செஞ்சிருக்கலாமே?"

"கோணலா இருந்தா வீடு விழுந்துடாதா டீச்சர்?"

அவள் போனதும் டீச்சர் கதவைச் சாத்தினார். இடது கையால் கூரையை நெளித்தார். மூன்று இடத்தில் பசையை வழியவிட்டார். சன்னலின் பச்சையைச் சுவரில் இழுத்தார். தன் விரல் பெரிதாகத் தெரியுமே என்று சுண்டுவிரலால் கறை வைத்தார். கூரையின் பாரம் சாய்ந்ததில் வாசற்படி பிய்ந்து விழுந்தது. மொத்தம் தொண்ணூற்றொன்று.

ஆய்வாளர் பாகைமானியோடு வந்தார். முப்பத்து மூன்று வீடுகளையும் ஒன்றுவிடாமல் அளந்தார். எல்லாம் தேறின. தச்சர் வீடு சரியாக எழுபதில் தொங்கியது. பழகிய கை, பாவம். கடைசியாகச் சுண்டெலியின் வீட்டுக்கு முன்னால் நின்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஆகா! இதுதான் குழந்தையின் கை! பெரியவங்க நிழல்கூட இதுல படல!"

டீச்சர் தரையைப் பார்த்தார்.

"நீயே செஞ்சியாம்மா?"

சுண்டெலி வீட்டைப் பார்த்தாள். படி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "நான் செஞ்சது நேரா இருந்துச்சு சார்."

டீச்சரின் ஆறு வருடமும் ஒற்றைக் காலில் நின்றது.

ஆய்வாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தீங்களா டீச்சர்! இதைப் போய் நேரா இருந்துச்சுங்குது! என்ன ஒரு குழந்தைத்தன்மை!" தொண்ணூற்றொன்றை அடித்துவிட்டு நூறு என்று திருத்தினார். கீழே 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினாறாம் நாள் நிரந்தர ஆணை வந்தது. டீச்சர் அதை நான்கு முறை படித்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மனசு லேசாகிவிட்டது. இனி யாருக்குப் பயம்? எல்லோருக்கும் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார்.

"இன்னைக்குப் படிவம் கிடையாது, மார்க்கும் கிடையாது. அவங்கவங்க இஷ்டத்துக்கு ஒரு வீடு வரைங்க, பாப்போம்."

முப்பத்து மூன்று பேர் தாளைக் கசங்காமல் பைக்குள் வைத்தார்கள், வீட்டில் அப்பாவிடம் கொடுக்க.

சுண்டெலி மட்டும் பென்சிலை எடுத்தாள். தாளில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தக் கையால டீச்சர்?"