குண்டுக்கு ஒரு நிமிடம்

துக்கத்தை அளந்து பார்க்கத் தெரிந்த நகரங்கள் உலகில் குறைவு. அளந்த கையோடு அதற்குத் தீர்மானம் போட்டு, கையெழுத்து வாங்கி, நகலும் எடுத்து வைத்த நகரம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெருமை இந்த நகரத்துக்கே உரியது. வேறு யாரும் அதில் பங்கு கேட்டதாக இதுவரை தகவல் இல்லை.

முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், அஞ்சலகத் தெருவில், திறந்த ஜீப்பில் நின்று பேசிக்கொண்டிருந்த ஒரு பெருந்தலைவர் சுடப்பட்டு இறந்தார். அன்றிலிருந்து அவர் பெயர் ‘அமரர்’. சுட்டவன் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் இந்த நகரம் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்தாலே பகீரென்கிறது. நினைவு நாள் கருத்தரங்கம் இல்லை, சிறப்பு மலர் இல்லை, மேடை இல்லை, மேடையில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற சண்டையும் இல்லை. ஒரு நகரம் எதைப் பிடித்துக்கொண்டு உயிர் வாழும்?

கருத்தரங்கின் பொருள் முப்பது ஆண்டுகளாக மாறவில்லை. ‘குண்டு எத்தனை?’ ஒன்றுதான் என்பது ‘ஒருகுண்டு அணி’. தலைவர், மருந்துக்கடைக்காரர். இரண்டு என்பது ‘இருகுண்டு அணி’. தலைவர், வக்கீல். இருவரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள். பிள்ளைகளின் கல்யாணத்தில்கூட இந்தப் பேச்சு வந்து, பந்தியில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பாதி சாப்பாட்டுக்காக நடுநிலை வகித்தது.

மௌன அஞ்சலியில்தான் சிக்கல் முற்றியது. ஒருகுண்டு அணி ஒரு நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்தது. “அப்ப ரெண்டாவது குண்டுக்கு மரியாதை இல்லையா சம்பந்தி?” என்று வக்கீல் கேட்டார். நியாயமான கேள்வி. நினைவுக் குழு கூடி, ‘குண்டுக்கு ஒரு நிமிடம்’ என்ற வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆகவே மௌனம் இரண்டு நிமிடம். இரண்டாவது நிமிடத்தில் ஒருகுண்டு அணியும் நிற்கும். ஆனால் ‘எதிர்ப்புடன்’ நிற்கும். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. நிற்பவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு முதிர்ச்சியுள்ள நகரத்தில், முதிர்ச்சியில்லாத ஒரே ஆள் பல்செட்காரர்.

பல் போனவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில். அஞ்சலகத் தெருவில், இரண்டாவது மாடியில் வீடு. அதே வீடுதான் பட்டறையும். ஜன்னலோரம் ஒரு நீள மேசை, அதன்மேல் பிளாஸ்டர் அச்சுகள், மெழுகு, அரைகுறையாய்ச் சிரித்துக்கொண்டிருக்கும் மேல்செட்டுகள், கீழ்செட்டுகள். பல்லின் நிறம் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும். அந்த ஜன்னலில் வெளிச்சம் கொட்டும். காரணம், அதில் கம்பி கிடையாது.

கம்பி கிடையாததற்குக் காரணம், அது ‘அந்த’ ஜன்னல்.

ஒரு குண்டானாலும் இரண்டு குண்டானாலும், ஒரு குண்டாவது அந்த ஜன்னலிலிருந்துதான் வந்தது என்பதில் இரு அணிகளும் ஒன்று. அதனால் ஜன்னல் ‘சம்பவ நாளில் இருந்த நிலையிலேயே’ இருக்க வேண்டும் என்பது குழுவின் கட்டளை. வீட்டுக்காரரும் குழுவில் உறுப்பினர். பல்செட்காரர் தனியாளாய் இருந்தவரை இது ஒரு குறையாகத் தெரியவில்லை. பிறகு கல்யாணம் ஆனது. பிறகு மகள் பிறந்தாள். பத்து மாதத்தில் அவள் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பிடித்த இடம் ஜன்னல்.

ஒருநாள் மச்சானை அழைத்து, சத்தமில்லாமல் கம்பி போடப் பார்த்தார். மச்சான் கிரில் பட்டறை வைத்திருப்பவன். ஏணியைச் சாத்தி அவன் இரண்டு படி ஏறுவதற்குள் எதிர்க்கடையிலிருந்து மருந்துக்கடைக்காரரும், முக்கிலிருந்து வக்கீலும் ஓடிவந்து ஏணிக்கு ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். சம்பந்திகள் சேர்ந்து ஒரு காரியம் செய்ததை அன்றுதான் தெரு பார்த்தது. சிலருக்குக் கண் கலங்கியது.

முறைப்படி குழுவிடம் மனு கொடுத்தார். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் வாயில் இருந்த செட்டும் பல்செட்காரர் செய்ததுதான்.

“குழந்தைக்கு என்ன வயசு?” என்று விசாரணை தொடங்கியது.

“பத்து மாசம் சார்.”

“ஜன்னல் அங்க எத்தனை வருஷமா இருக்கு?”

“முப்பது வருஷத்துக்கு மேல சார்.”

“அப்ப யாரு விட்டுக்குடுக்கணும்?”

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். “கம்பி போட்டா துப்பாக்கியை எப்படித் தம்பி வெளிய நீட்ட முடியும்?”

“இப்ப யாரும் நீட்டப் போறதில்லையே அண்ணே.”

“நீட்டுறாங்களோ இல்லையோ, நீட்டுறதுக்கு வசதி இருக்கணும்ல. அதுதான் வரலாறு.”

“சம்பந்தி சொல்றதுல ஞாயம் இருக்கு” என்றார் வக்கீல். “அது சரி, குழந்தை எந்த அணி?”

“அது இன்னும் பேசவே ஆரம்பிக்கலங்க.”

“அப்ப நடுநிலைன்னு எழுதிக்குங்க.”

‘சம்பந்தப்பட்ட குழந்தை ஜன்னலிலிருந்து விலகி நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று தீர்மானம் நிறைவேறி, நகல் வீட்டுக்கு வந்தது. குழந்தை அதை வாங்கிப் பரிசீலனைக்காக வாயில் வைத்துக்கொண்டாள்.

“தீர்மானத்தைத் தின்னுட்டா” என்றாள் மனைவி. “இதுக்கு மேல அவ என்ன பதில் சொல்லணும்?”

வீடு மாறலாம்தான். அந்த வெளிச்சத்துக்கு அந்த வாடகையில் வேறு வீடு கிடைக்காது. இப்போதைக்கு ஒரு நாற்காலியும் நாலு தலையணையும்தான் கம்பி. நேற்று அவள் தலையணை மேல் ஏறிவிட்டாள். அன்று முழுக்க பல்செட்காரருக்கு வேலை ஓடவில்லை. ஒரு கிழவருக்குக் குமரிப் பல் வைத்துவிட்டார்.

“அவங்க பார்த்துக்கிட்டே இருக்காங்கக்கா” என்றான் மச்சான். “ஏணியைச் சாத்தினாலே ஓடி வந்துர்றாங்க.”

மனைவி குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டே சொன்னாள்: “நினைவு நாள்ல மௌனமா நிப்பாங்கல்ல. அப்ப ஓட மாட்டாங்க. கத்தவும் மாட்டாங்க. அந்த நேரத்துல போட்டுரு.”

ஆண்கள் இருவரும் அவளைப் பார்த்தார்கள். இப்படி ஒரு மூளை வீட்டில் இருக்க, மனு எழுதியவர் தன் கையை நொந்துகொண்டார்.

“நல்ல யோசனைதான்” என்றான் மச்சான். “ஆனா மாமா, ஆறு ஸ்க்ரூ. ஒண்ணுக்கு ஒரு நிமிஷமாவது வேணும். அவங்க நிக்கறதே ரெண்டு நிமிஷம். நடுவுல விட்டா கிரில் தொங்கிக்கிட்டு நிக்கும்.”

“ஆறு நிமிஷம் வேணுமா?”

“ஆமா மாமா.”

பல்செட்காரர் கொஞ்ச நேரம் குழந்தையின் வாயையே பார்த்தார். கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. “அப்ப ஆறு குண்டு வேணும்” என்றார்.

நினைவு நாளுக்கு முதல் நாள் கருத்தரங்கம். அரங்கம் நிரம்பி வழிந்தது. வக்கீல் இரண்டு குண்டுக்கும் தனித்தனியாகப் படம் போட்டுக் காட்டினார். மருந்துக்கடைக்காரர் ஒரே குண்டு உள்ளே போய், திரும்பி, யோசித்து, மறுபடியும் வேலை செய்த விதத்தை விளக்கினார். “பொதுமக்கள் கருத்து ஏதாவது?” என்று குழுத் தலைவர் கேட்டபோது பல்செட்காரர் எழுந்தார்.

“குண்டு ஆறுங்க.”

முப்பது ஆண்டுகளாக ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே தேய்ந்து போயிருந்த ஜனங்களுக்கு, ஆறு என்ற எண்ணைக் கேட்டதும் மழை பெய்தது போல இருந்தது.

“ஆதாரம்?” என்றார் வக்கீல்.

“எங்கம்மாவுக்குக் கேட்டுச்சாம். ஆறு சத்தம்.”

“அம்மா அப்ப எங்க இருந்தாங்க?”

இதற்கு அவர் தயாராக வரவில்லை. பொய்யில் பழக்கமில்லாதவருக்கு முதல் பொய்யிலேயே மூச்சு வாங்கியது. “வேற ஊர்லங்க” என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

கதை கந்தலாகிவிட்டது என்று அவர் நினைத்தார். வக்கீல் மேசையைத் தட்டினார். “கவனிங்க. வேற ஊர் வரைக்கும் கேட்டிருக்கு. ஒண்ணு ரெண்டு குண்டுன்னா அவ்வளவு தூரம் கேட்குமா? நிச்சயமா ஆறுக்குக் குறையாது.”

கைதட்டல் அரங்கத்தை அதிரவைத்தது. மருந்துக்கடைக்காரரும் சளைக்கவில்லை. “ஆறுல ஒண்ணு இருக்கா இல்லையா? அதைத்தான் நான் முப்பது வருஷமா சொல்றேன். மீதி அஞ்சும் எதிரொலி.”

எதிரொலிக்கும் மரியாதை உண்டு என்று குழு தீர்ப்பளித்தது. மௌனம் ஆறு நிமிடம்.

மறுநாள் தெருவில் எள் போட இடமில்லை. அமரர் விழுந்த இடத்தில் இருக்கும் வட்டக் கல்லில் மலர்வளையங்கள் குவிந்தன. கல்லுக்கு அருகே குழுத் தலைவர், இருபுறமும் சம்பந்திகள். சங்கு ஊதியது. தலைகள் குனிந்தன. கட்டடத்துக்குப் பின்னாலிருந்து ஏணியோடு மச்சான் வந்தான்.

முதல் துளையின் சத்தம் தெருவையே பல் கூச வைத்தது. ஒருவரும் அசையவில்லை. மருந்துக்கடைக்காரரின் கழுத்து நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டு எழுந்தது. வக்கீல் ஒரு விரலை உயர்த்தினார். சைகையும் பேச்சில் அடங்குமோ என்று சட்டரீதியாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், இறக்கிக்கொண்டார். இரண்டாவது துளை. அதில் டிரில்லிங் மெஷினின் பிட் உடைந்தது.

மச்சான் வேறு பிட் எடுக்க இறங்கி, சுவரோரம் குனிந்து பையைக் குடைந்தான். கிரில் ஒரே ஸ்க்ரூவில் ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளே பல்செட்காரர், கையிலிருந்து நழுவிய ஸ்க்ரூவைத் தேடி மேசைக்கடியில் புகுந்தார். குழந்தை மனைவியிடம் இருப்பதாக அவர் நினைத்திருந்தார். அவரிடம் இருப்பதாக அவள் நினைத்து, பின்கட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

குழந்தை தலையணையில் ஏறி, நாற்காலியில் ஏறி, மேசையில் ஏறி, ஜன்னல் கட்டையில் வந்து நின்றாள்.

குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. தெரு முழுக்க அவளைப் பார்த்தது. இவ்வளவு பேர் தன்னைப் பார்க்க வந்திருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. மேசையிலிருந்து எடுத்த ஒரு மேல்செட் அவள் கையில் இருந்தது. அதை ஆட்டிக் காட்டினாள். ஒரு கால் கட்டைக்கு வெளியே வந்தது.

மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தார். இரண்டாவது நிமிடம்தான் என்று தெரிந்து மூடிக்கொண்டார். வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குழுத் தலைவர் ஒரு தலைமையாசிரியருக்கே உரிய கண்டிப்போடு கண்ணை மூடிக்கொண்டார். அத்தனை பெரிய கூட்டத்தில் ஓர் இருமல் இல்லை. கட்டுப்பாடு என்றால் அது கட்டுப்பாடு.

குழந்தையின் கை விரிந்தது. மேல்செட் இரண்டு மாடி இறங்கி, வட்டக் கல்லில் பட்டுத் தெறித்தது. அஞ்சலகத் தெருவில் அன்று வாய் திறந்தது அது ஒன்றுதான்.

தான் செய்த பல் உடையும் சத்தம் பல்செட்காரருக்குத் தெரியும். மேசையைத் தலையால் முட்டிக்கொண்டு எழுந்தார். வெளிச்சத்தில் மகளின் முதுகு தெரிந்தது. பாய்ந்து சட்டையைப் பிடித்தார். பிடிக்கு அகப்பட்டது சட்டையும் ஒரு காலும். இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

கீழே மௌனம் குறையின்றி நடந்து முடிந்தது. மச்சானுக்கு வேறு பிட் அகப்பட்டதும் அப்போதுதான்.

சங்கு ஊதியபின் அவர் இறங்கி வந்தார். பின்னாலேயே மனைவி, இடுப்பில் குழந்தை. யாரும் கம்பியைப் பற்றிப் பேசவில்லை.

“யாருமே பார்க்கலையாண்ணே?” என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்டார்.

“என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டே. ஜன்னல்ல ஏறினதுலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தோம்.”

“ஒரு குரல் குடுத்திருக்கலாமே.”

“மௌனம்ல?”

“ஆறுன்னு சொன்னதும் நீங்கதான்” என்று வக்கீல் நினைவூட்டினார்.

குழுத் தலைவர் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தார். “இன்னைக்கு நாம எல்லாரும் ஒரு காட்சியைப் பார்த்தோம். ஒரு பச்சைக் குழந்தை விழப்போகுது. ஒருத்தராவது வாயைத் திறந்தீங்களா? திறக்கலை. இந்தத் தெருவுக்கு இது புதுசு இல்லை. அன்னைக்கும் அமரர் இதே இடத்துல பேசிக்கிட்டிருந்தார். இதே ஜன்னல்ல ஒருத்தன் துப்பாக்கியோட வந்து நின்னான். நாம எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். அவன் நிதானமா குறி பார்த்தான். பெரியவர் பேசும்போது குறுக்க பேசக்கூடாதுன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட வாய் திறக்கலை. அந்தப் பண்பாட்டை இன்னைக்கும் காப்பாத்திட்டீங்க.”

தெருவே கைதட்டியது. அந்தச் சத்தத்தில் மச்சான் மீதித் துளைகளையும் போட்டு, ஆறு ஸ்க்ரூவையும் முடுக்கி, கிரில்லை ஒருமுறை உலுக்கிப் பார்த்துவிட்டு ஏணியை மடக்கினான்.

மனைவி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். “அப்ப சுட்டவனை எல்லாரும் பார்த்திருக்கீங்க” என்றாள்.

“பார்க்காம?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் எத்தனை குண்டு, எத்தனை குண்டுன்னு எண்ணிக்கிட்டிருக்கீங்க?”

சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வக்கீல், கைதட்டுவதை நிறுத்தாமலே, அவள் பக்கம் குனிந்து சொன்னார்:

“குண்டை எண்ணலைன்னா, பார்த்துக்கிட்டு நின்ன ஆளை எண்ணுவாங்கம்மா.”