சிங்கூராக் கடற்கரையும் முதல் காப்பும்

சயாமுக்குப் போவது என்று முடிவெடுத்துவிட்டேன். வழியில் எந்தக் கடற்கரையில் இறங்குவது என்பதுதான் பாக்கி.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போய்விட்டார்கள். மெர்போக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்ட ஆளைக் கூப்பிடுவாரில்லை. மரவள்ளிக் கிழங்கு தின்று தின்று என் முகமே கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. வேட்டி கிடையாது, சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தோம். அந்த நேரத்தில்தான் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்து இனிக்க இனிக்கப் பேசினார்.

"அண்ணே, சயாம்ல ரயில் ரோடு போடுறாங்க. மூணு மாசம்தான். சோறு, துணி, மருந்து எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. சும்மா ஜாலான் ஜாலான், ஊர் சுத்திப் பாக்கிற மாதிரி. போற வழியில கடற்கரையில எறக்கி விடுவாங்க, ஓய்வெடுக்க."

"எந்தக் கடற்கரை?"

"சிங்கூரா இருக்கு, உவாகின் இருக்கு. அது உங்க இஷ்டம்."

என் இஷ்டம்! கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"செல்லாயி, நான் வெளிநாட்டுக்குப் போறேன்."

என் மனைவி கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை.

"கிணத்தடிக்குப் போறதுக்கே துணைக்கு ஆள் தேடுவீங்க."

"சிங்கூராவில எறங்கலாமா, உவாகின்ல எறங்கலாமான்னு ஒரே யோசனை."

"எறங்கி?"

"ஓய்வெடுப்போம். வெள்ளை மணலாம். தென்னை மரமாம். உவாகின்ல ராஜாவே வந்து குளிப்பாராம்."

"ராஜா குளிக்கிற தண்ணியில சாக்கைக் கட்டிக்கிட்டா எறங்குவீங்க?"

"அப்ப சிங்கூரா."

"போன லாரியில போனாங்களே, அவங்க எந்தக் கடற்கரையில எறங்கினாங்க?"

"தெரியாது."

"ஒருத்தனாவது திரும்பி வந்தானா?"

"அவ்வளவு நல்லா இருக்குதாக்கும். வர மனசு வரலை."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கிராணிக்கு ஒரு தம்பி இருக்கானே, தின்னுட்டுத் தூங்கிறவன். அவனை ஏன் அனுப்பலை?"

"அவனுக்குத் தண்ணின்னா பயமா இருக்கும்."

"எனக்கும்தான்" என்றாள்.

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். சண்டைக்கு வந்திருந்தால் நானும் போட்டிருப்பேன். அவளோ, "சரி, சிங்கூராவே போங்க. மணல் நல்லா இருந்தா ஒரு பிடி கொண்டாங்க" என்று மறுபடி கத்தியை எடுத்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமியும் சயாமுக்குப் பேர் கொடுத்திருந்தான். அவனுக்கு உவாகின்தான் வேண்டுமாம். எனக்கும் அவனுக்கும் பேச்சு கிடையாது. காரணம் காப்பு. மாரியம்மன் திருவிழாவில் ஆம்பிளைகள் கையில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். முதல் காப்பு வருஷா வருஷம் அவனுக்குத்தான். அவன் மாமா ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலை பார்த்தவராம்! பின்னால் நின்று அவன் முதுகைப் பார்த்தே எனக்கு வயசாகிவிட்டது. அந்த முதுகு இப்போதும் நினைவிருக்கிறது.

லாரி வரவேண்டிய நாள் காலையில் கோயிலில் உடுக்கைச் சத்தம் கேட்டது. திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று ஓடினேன். பூசாரி பரஞ்சோதி மஞ்சள் கயிற்றுத் தாம்பாளத்தோடு நின்றார். பக்கத்தில் செல்லாயி.

"முன்னாடியே காப்புக் கட்டச் சொல்லிக் கனவுல உத்தரவாச்சு" என்றார் பூசாரி. உத்தரவு போட்டது அம்மனா, செல்லாயியா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வழக்கம்போலப் பக்கிரிசாமி முன்னால் போய்க் கையை நீட்டினான். பூசாரி அவனைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"இந்த வருஷம் முதல் காப்பு உங்களுக்குத்தான் அண்ணே."

நீட்டினேன். தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்கு நீட்டினேன்.

"இவனுக்குப் பின்னாடி நான் கட்டிக்கணுமா? உங்க காப்பும் வேணாம், கயிறும் வேணாம்!" என்றான் பக்கிரிசாமி.

அவன் பெண்டாட்டி மருதம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். "ரெண்டாவதா இருந்தா என்னங்க, கட்டிக்கங்க." உதறிவிட்டு நடந்தான். செல்லாயியும், "அண்ணே, சொன்னாக் கேளுங்கண்ணே" என்று அவன் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள். நான் என் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாரி ஹாரன் அடித்தது. மூட்டையைத் தூக்கினேன்.

"எங்க?" என்றார் பூசாரி.

"சிங்கூராவுக்கு."

"காப்புக் கட்டினவன் திருவிழா முடியறவரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டலாமா?"

தாண்டக் கூடாது. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். செல்லாயியைப் பார்த்தேன். அவள் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரி டிரைவரும் தமிழன்தான். என் கையைப் பார்த்ததும், "இவரை ஏத்தினா வண்டி கவுந்துடும்" என்று கும்பிட்டுவிட்டான். முன் சீட்டில் பக்கிரிசாமி உட்கார்ந்திருந்தான். காப்பில் நான் முந்தினேன். லாரியில் அவன் முந்திவிட்டான்.

கூழ் ஊற்றினால்தான் எங்கள் திருவிழா முடியும். அப்புறம்தான் காப்பு அவிழும். கூழுக்குக் கேழ்வரகு வேண்டும்.

"கேவுரு எங்கேயும் கெடைக்கலீங்க" என்பாள் செல்லாயி. அடுத்த மாதமும் அதையே சொல்வாள்.

பிறகு வந்த லாரிகள் யாருடைய இஷ்டத்தையும் கேட்கவில்லை. சிப்பாய்கள் ஆட்களை இழுத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். செல்லாயி எங்கள் வாசலில் வேப்பிலை கட்டி, என் முகத்தில் மஞ்சளை அப்பி, அம்மை என்று கையால் காட்டுவாள். சிப்பாய் வாசலோடு திரும்பிவிடுவான். கயிறு இற்றுப்போனால் பூசாரி புதுசு கட்டினார். லயத்தில் அடுப்புப் புகையும் வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. என் திருவிழா மட்டும் முடியவில்லை.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான் என்ற செய்தி வந்தது. அன்றைக்கே கோயிலில் கூழ் கொதித்தது.

"கேவுரு ஏது?"

"விறகுக்குப் பின்னால தகரத்துல இருந்துச்சு."

"எப்போலேர்ந்து?"

"நீங்க சிங்கூரா போறேன்னு சொன்னதுக்கு முன்னாலேர்ந்து."

"அடிப்பாவி! ஒரு நாள் காய்ச்சி ஊத்தக் கூடாதா?"

"ஊத்தியிருந்தா காப்பு அவுந்திருக்கும்."

"கிழங்கு தின்னே செத்தேனே!"

"சாகலையே."

மருதம்மாள் வந்து ஒரு சட்டி கூழ் குடித்தாள். இன்னொரு சட்டியை இலையால் மூடி எடுத்துக்கொண்டு போனாள். யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்குச் செல்லாயி மேல் கோபம் ஆறவில்லை. அவிழ்த்த காப்பை ஆற்றில் விடச் சொன்னார் பூசாரி. கடலில்தான் விடுவேன் என்று அடம்பிடித்தேன். மறுபேச்சில்லாமல் தஞ்சோங் டாவாய்க்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆறு கடலில் சேரும் இடம். கணுக்கால் வரை சேறு. கருவாட்டு நாற்றம்.

"இதுவா கடற்கரை? சிங்கூரா மணல் எங்க, இது எங்க?"

"அந்த மணலைப் பாத்துட்டு யாராச்சும் வந்து சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒருவரும் வரவில்லை. பக்கிரிசாமியின் முதுகு கண்ணுக்குள் வந்து நின்றது. கயிற்றைத் தண்ணீரில் விட்டேன். அலை அதைத் திருப்பி என் காலடியிலேயே போட்டது. மறுபடி விட்டேன்.

"காலைக் கழுவிட்டு வாங்க" என்றாள் செல்லாயி. "ஓய்வெடுத்தது போதும்."