அக்கா வீட்டு பால்கனி

அக்காவின் பால்கனியைக் காணோம்.

சின்னவள் ஃபோன் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். வீடு இருந்தது, ஜன்னல்கள் இருந்தன. தெருவைப் பார்த்து நின்ற பால்கனி மட்டும் வழித்தெடுத்தாற்போல் போயிருந்தது.

கல்யாணமாகி அக்கா பத்து மணி நேர விமானத் தொலைவுக்குப் போன பிறகு, இருவரும் சேர்ந்து இருந்ததெல்லாம் இந்த ஊர் கட்டும் விளையாட்டில்தான். நான்கு வருடங்களாகத் தெருத் தெருவாகக் கட்டியிருந்தார்கள். சும்மா பேசினால் பத்து நிமிடத்தில் சண்டை வந்துவிடும். செங்கல் அடுக்கிக்கொண்டே பேசினால் வராது.

"யாருடி இடிச்சிருப்பா?" என்றாள் அக்கா.

"உன் வீட்டுக்காரர்தான். 'இந்த ஊரைக் கொளுத்தினாத்தான் எனக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கும்'னு போன வாரம் சொன்னாரே?"

"அது தமாஷுக்கு."

"எல்லாம் தமாஷாத்தான் ஆரம்பிக்கும்."

சின்னவள் அத்தானை விளையாட்டு ஊரிலிருந்து நீக்கினாள். பால்கனியைத் திரும்பக் கட்டி, பாதுகாப்புக்கு வாசலைச் சுற்றி ஆளுயரச் சுவரும் எழுப்பினாள். மறுநாள் சுவரும் இல்லை, பால்கனியும் இல்லை, வாசற்படியும் இல்லை. அக்கா தன் வீட்டுக்குள் நுழையவே வழியில்லை.

"என் புருஷனைத் துரத்தினியே, இப்ப யாரைச் சொல்லப் போற?" என்று அக்கா ஃபோனை வைத்துவிட்டாள்.

"இல்லாத வீட்டுக்கு இவ்வளவு ஒப்பாரியா?" என்றாள் அம்மா. அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சின்னவளுக்கு வேலை, பல் செட் செய்யும் லேபில். பக்கத்து மேஜையில் மெழுகில் பல் செதுக்குபவனை எல்லோரும் 'மெழுகு' என்றுதான் கூப்பிடுவார்கள். விளையாட்டு ஊரில் அவனுக்கும் ஒரு வீடு கொடுத்திருந்தாள்.

"ஏன் மெழுகு, அடுத்தவங்க விளையாட்டைக் கெடுக்கறதுல ஒருத்தனுக்கு அப்படி என்ன சந்தோஷம்?"

அவன் ஒரு கடைவாய்ப் பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "வேலையில யாரும் மதிக்காத ஆளா இருப்பான். அவன் சொல் எங்கயும் எடுபடாது. விளையாட்டுல ஒரு வீட்டைச் சாய்ச்சா நாலு பேர் அலறுறாங்க இல்ல? அதுல ஒரு திருப்தி."

இவனுக்கு எப்படி இவ்வளவு தெரியும்? அன்று காலைதான் முதலாளி அவன் செய்த மேல்வரிசையைத் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த வாரத்தில் மூன்றாவது. சின்னவள் கையோடு அவனையும் நீக்கினாள்.

"என்னையா சந்தேகப்படுற?"

"நீதானே அவ்வளவு விளக்கமா சொன்ன?"

"டாக்டர் வியாதியைப் பத்திச் சொன்னா, வியாதி அவருக்கா?"

அதன் பிறகு மெழுகு தன் வேலை வரிசையில் அவள் வார்த்த தாடை அச்சுகளைக் கடைசிக்குத் தள்ளினான். அவள் மேஜையில் பல் இல்லாத தாடைகள் குவிந்தன. ஊரிலோ, கடைத்தெருவின் முன்கூரைகள் அத்தனையும் ஒரே நாளில் போயின.

மறுநாள் அக்காவே கூப்பிட்டாள். குரலில் ஈரமே இல்லை.

"அவர் மூணு நாளா உக்காந்து தோண்டியிருக்கார். யாரு எதை இடிச்சாங்கன்னு விளையாட்டுக்குள்ளயே ஒரு பட்டியல் இருக்காம்."

"அனுப்பு! அந்தப் படுபாவி யாருன்னு பாக்கறேன்."

படம் வந்தது. பால்கனி, சுவர், படி, கூரைகள். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பெயர். அவள் பெயர்.

"அக்கா, சத்தியமா நான் இல்ல."

"நான் வேண்டாம்னா நேராவே சொல்லியிருக்கலாமே. அவரை எதுக்கு இழுத்த? நாளைக்கு இந்த ஊரையே அழிச்சிடறேன். நீயும் நிம்மதியா இரு."

அன்றிரவு சின்னவள் அழவில்லை. படத்தை உற்றுப் பார்த்தாள். எல்லா இடிப்புகளும் காலை பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே. அந்த நேரத்தில் லேபில் அவள் கை இரண்டும் அச்சு வார்க்கும் மாவில் இருக்கும், ஃபோன் பைக்குள் இருக்கும். ஆனால் வீட்டில் ஒரு பழைய டேப்லெட் உண்டு. விளையாட்டு அதில் அவள் பெயரிலேயே திறந்து கிடக்கும்.

இல்லாத வீட்டுக்கு ஒப்பாரியா என்று கேட்டது யார்?

அம்மாவேதானா!

காலையில் வேலைக்குப் போவதுபோல் போய், அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் திரும்பினாள். மாடிப்படியில் நின்று அக்காவை வீடியோவில் பிடித்தாள்.

"அழிக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் இதைப் பாரு. கையும் களவுமா பிடிக்கறேன்."

"இன்னும் யார் பாக்கி? அம்மாவா?"

"ஆமா."

"உனக்குப் பைத்தியம் முத்திடுச்சு."

பூனைபோல் சமையலறைக்குப் போனாள். அம்மா முழங்கை வரை சோப்பு நுரையோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி இந்நேரத்துல? வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா?"

அப்போது உள்ளறையில் 'டமார்' என்று ஏதோ சரிந்தது. விளையாட்டில் சுவர் விழும் சத்தம். தொடர்ந்து ஒரு கிளுகிளுச் சிரிப்பு.

சின்னவள் கதவைத் தள்ளினாள். கட்டில் ஓரத்தில் அப்பா. மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் டேப்லெட், ஒரு கையில் அடிக்கோல். நூலகத்தின் முன் தூண்களைத் திரைமேல் அளந்துகொண்டிருந்தார்.

அக்கா ஃபோன் திரையில் முகத்தை நெருக்கிப் பார்த்தாள்.

"ஏய், நம்ம அப்பாடி அது!" நான்கு நாட்களுக்குப் பிறகு அக்காவின் குரலில் சிரிப்பு முட்டியது. "அப்பா, என் பால்கனி உங்களை என்னப்பா பண்ணுச்சு?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தெருவுக்குள்ள மூணடி நீட்டிக்கிட்டு நிக்குதும்மா... நகராட்சியில முப்பத்தொரு வருஷம் ஆக்கிரமிப்புக்கு நோட்டீஸ் ஒட்டியே ரிட்டயர் ஆனேன், ஒரு செங்கல்லைக்கூட எடுக்க விடல. இங்க தொட்டாலே விழுதே!"